கலைப்பீடம் கையில், சட்டபீடம் கண்ணில்: உயர்தரம் இரண்டாவது தடவை எழுதுவதா?

#1 நிலாவெளி அலை

வணக்கம். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையை இந்த முறைதான் முதல் தடவையாக எழுதினேன், கலைப்பிரிவு. அரசியல் விஞ்ஞானம் ஏ, தமிழ் ஏ, அளவையியல் (தர்க்கம்) சி. பெறுபேறு வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் அனுமதியை முடிவு செய்யும் இசட் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். கடந்த வருடங்களின் வெட்டுப்புள்ளிகளை, அதாவது இடம் கிடைக்கத் தேவைப்பட்ட ஆகக்குறைந்த இசட் புள்ளிகளை, தேடியெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். திருகோணமலை மாவட்டத்துக்குக்கூடச் சட்டத்துக்கு இது போதாது போலிருக்கிறது. கலைப்பீடம் எங்காவது கிடைக்கும் என்று பாடசாலையில் சொல்கிறார்கள்.

சட்டம் என்பது எனக்குத் திடீர் ஆசை அல்ல. அம்மம்மாவின் காணி வழக்குக்காக ஒன்பதாம் வகுப்பில் அவரோடு நீதிமன்றத்துக்குப் போய் வந்தேன். வழக்கு இன்னொரு தவணைக்குத் தள்ளிப்போய்விட்டது என்பதைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மதியம் வரை வாசலில் நின்றிருந்தோம். அன்றைக்கு நினைத்ததுதான்.

கேள்வி இதுதான். மறுபடியும் எழுதுவதா, கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவதா? அம்மா, இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகாதே என்கிறார்.

#2 புதுக்கடைக் காகம்

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சட்டபீடம் வேண்டுமா, சட்டத்தரணியாக வேண்டுமா? இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பிள்ளைகள் அழுகிறார்கள்.

நான் சட்டபீடத்தின் வாசற்படியையே மிதிக்காதவன். இலங்கைச் சட்டக்கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதிப் போனேன். 1874இல் தொடங்கிய கல்லூரி அது, கொழும்பு புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு இசட் புள்ளி இல்லை, மாவட்ட ஒதுக்கீடும் இல்லை. உயர்தரத்தில் மூன்று பாடங்களில் சித்தி இருந்தால் நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். மொழியும் பொது அறிவும்தான் பரீட்சை. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு என்ன எடுத்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள், அங்கே அது முக்கியம்.

இன்னொன்று. சட்டபீடத்தில் நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கினாலும் அதோடு நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசிவிட முடியாது. அவர்களும் கடைசியில் இதே சட்டக்கல்லூரியின் பரீட்சைகளை எழுதி, பயிற்சி முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அவர்களுக்கு நுழைவுப் பரீட்சை இல்லை, அவ்வளவுதான். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் இறங்குகிற இடம் ஒன்றுதான்.

#3 நிலாவெளி அலை

அண்ணா, இது எனக்கு உண்மையிலேயே தெரியாது. பாடசாலையில் சட்டம் என்றாலே கொழும்புச் சட்டபீடம் என்றுதான் சொன்னார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை இருக்கிறது என்பதே போன மாதம்தான் தெரிந்தது. ஆங்கிலம் சாதாரண தரத்தில் பி.

#4 இசட் வாத்தியார்

காகம் சொன்னது சரி. ஆனால் சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சையை ஏதோ பின்கதவு போலச் சொல்லிவிட்டுப் போகிறார். நாடு முழுவதிலுமிருந்து பட்டதாரிகள், வேலை செய்பவர்கள் என்று எல்லோரும் வந்து எழுதும் போட்டி அது. அதை மட்டும் நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன்.

பிள்ளை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மறுபடி எழுதுவதா என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இசட் புள்ளி என்பது நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்பது. நியம விலகல் என்றால், எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 18 என்று வைத்துக்கொள்வோம். 63 எடுத்தவருக்கு 1. 81 எடுத்தவருக்கு 2. மூன்று பாடங்களின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவதுதான் உங்கள் தாளில் இருக்கும் எண்.

ஆகவே அளவையியலில் மட்டும் 63இலிருந்து 81க்கு ஏறினால் மொத்த இசட் 0.33 கூடும். வெட்டுப்புள்ளிப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு 0.33 எவ்வளவு பெரிய தூரம் என்று தெரியும். இது நல்ல செய்தி. கெட்ட செய்தியும் இதே கணக்கில்தான் இருக்கிறது. மற்ற இரண்டு பாடங்களிலும் இதே அளவு விலகல் என்று கொண்டால், அவற்றில் ஒன்பது ஒன்பது புள்ளி இறங்கினாலே போதும், ஏறியது அத்தனையும் கரைந்துவிடும். போன வருட ஏயை எடுத்து இந்த வருடப் பெறுபேற்றில் ஒட்ட முடியாது. மூன்று பாடங்களும் ஒரே அமர்வில் வர வேண்டும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அளவையியலில் சி ஏன் வந்தது?

#5 நிலாவெளி அலை

நேரம் போதவில்லை சேர். இரண்டாம் பகுதியில் கடைசி வினாவைத் தொடவே இல்லை, அதற்கு முந்தையதும் பாதியில் நிற்கிறது. எங்கள் பாடசாலையில் ஒரு தவணை முழுவதும் அளவையியலுக்கு ஆசிரியர் இருக்கவில்லை. குறியீட்டுப் பகுதியை நானே புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். உண்மை அட்டவணை வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்ப்பேன்.

#6 மூன்று தடவை எழுதியவன்

பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் யார் என்று. இங்கே எல்லோரும் கணக்கும் பாதையும் பேசுகிறீர்கள். அந்த வருடம் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன்.

முதல் தடவையில் எனக்கு ஒரு ஏ, இரண்டு பி. சட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. இன்னொரு தடவை எழுதினால் நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பாடசாலைக்குத் திரும்பிப் போக வெட்கம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தேன். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாது. முதல் மாதம் அட்டவணை போட்டேன். அதை மூன்று நிறப் பேனாவில் எழுதியது ஞாபகம் இருக்கிறது, படித்தது ஞாபகம் இல்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பல்கலைக்கழகம் போனார்கள். கலியாண வீட்டுக்குப் போனால் "தம்பி இப்போது என்ன செய்கிறீர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியே போவதை நிறுத்தினேன்.

படிப்பில் நடந்தது இது. பி வந்த பாடங்களைத் தூக்கி நிறுத்துவதிலேயே வருடம் போனது. ஏ வந்த பாடம்தானே, கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பெறுபேறு வந்தது. இரண்டு பியில் ஒன்று ஏ ஆனது, முதலில் இருந்த ஏ, சி ஆனது. வாத்தியார் மேலே போட்ட கணக்கை நான் வாழ்ந்தே பார்த்திருக்கிறேன். முதல் தடவையைவிட இசட் குறைவு.

மூன்றாவது தடவை கோபத்தில் எழுதினேன். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்று தடவைக்கு மேல் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பதால் அந்தக் கதை அத்தோடு முடிந்தது. இப்போது ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன், மோசமில்லை.

எழுதாதே என்று சொல்லவில்லை தங்கச்சி. நான் ஏன் குறைவாக எடுத்தேன் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. "இன்னும் கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டும்" என்பதைத் தவிர என்னிடம் ஒரு திட்டமும் இருக்கவில்லை. உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அது உண்மையான பதிலா என்று மட்டும் பாருங்கள்.

#7 ஞாயிறு வகுப்பு

திறந்த பல்கலைக்கழகத்தை யாருமே சொல்லவில்லையே! நான் நாவலயில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் முடித்தவள். அங்கேயும் இசட் புள்ளி பார்ப்பதில்லை. தெரிவுப் பரீட்சை வைப்பார்கள். கட்டணம் உண்டு, இலவசக் கல்வி போல அல்ல. வேலை செய்துகொண்டே படித்தேன். பஸ்ஸில் ஒப்பந்தச் சட்டம், வீட்டில் பிள்ளைக்குச் சோறு, இரவில் ஒப்படை. என் வகுப்பில் பொலிஸ் உத்தியோகத்தர் இருந்தார், ஆசிரியை இருந்தார், இரண்டு பிள்ளைகளின் தாய் நான் இருந்தேன். சட்டத்தைப் பற்றிய கேள்விகள் எல்லாம் அனுபவத்திலிருந்து வந்தன. பதினெட்டு வயதில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பாதி புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கலைப்பீடத்துக்குப் போய்விட்டு, பிறகு இந்த வழியாகவும் சட்டத்துக்கு வரலாம். அவசரம் என்ன?

#8 புதுக்கடைக் காகம்

அவசரம் இருக்கிறது அக்கா. கலைப்பட்டம் நான்கு வருடம், அதன் பிறகு சட்டம் இன்னொரு நான்கு வருடம், பிறகு சட்டக்கல்லூரி. முப்பது வயதில் கனிஷ்ட சட்டத்தரணியாக மூத்தவரின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். கனிஷ்டருக்கு ஆரம்பத்தில் என்ன வருமானம் என்று கேட்டால் நான் சிரிப்பேன். வீட்டில் யாராவது தாங்கினால்தான் முடியும்.

#9 ஞாயிறு வகுப்பு

நானும் அப்படி நின்றேன் தம்பி. முப்பதில் அல்ல, முப்பத்தாறில். கால் வலித்தது, வேறொன்றும் ஆகவில்லை.

#10 காவிரிக்கரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் தமிழ்நாடு. இங்கே ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கிளாட் நுழைவுத் தேர்வு, இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி. உங்களுக்கு ஏன் சட்டத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு வைப்பதில்லை? அளவையியலில் மெதுவாக எழுதியதற்கும் நல்ல வக்கீல் ஆவதற்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்றால் மாநிலத்துக்கு ஒன்றாக இருக்குமே, அதுபோலவா?

#11 இசட் வாத்தியார்

இல்லை ஐயா. நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் உயர் நீதிமன்றம் என்கிறோம். நீங்கள் உயர் நீதிமன்றம் என்பது எங்களுக்கு மேல் நீதிமன்றம். இரண்டு கரைகளிலும் செய்தித்தாள் வாசிப்பவனுக்கு எப்போதும் இந்தக் குழப்பம்தான்.

தனி நுழைவுத் தேர்வு ஏன் இல்லை என்பது நல்ல கேள்வி. இங்கே அனுமதி முழுவதும் உயர்தரப் பெறுபேற்றில்தான் நிற்கிறது. 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் பெரியவர்கள் 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பிள்ளையின் இழையில் அது வேண்டாம்.

சம்பந்தம் இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. நேரத்துக்குள் வாதத்தை முடிப்பதும் தொழில்தானே.

#12 ஒரு தாய்

என் மகளும் இதே நிலையில் நின்றவள். அதனால் உங்கள் அம்மாவின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் மறுப்பது உங்கள் திறமையில் சந்தேகப்பட்டு அல்ல. தனியார் வகுப்புக்கு யார் கொண்டுபோய் விடுவது, மாலையில் யார் கூட்டி வருவது, தம்பிமாரின் செலவை எங்கே குறைப்பது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை வெளியே சொன்னால் பிள்ளை உடைந்துவிடும் என்றுதான் பழமொழி சொல்லித் தப்பிக்கிறோம். அம்மாவிடம் செலவைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை மாதம், எந்த நாள். என் மகள் அப்படிக் காட்டியபோதுதான் நான் இறங்கி வந்தேன்.

#13 இசட் வாத்தியார்

காலக் கணக்கு ஒன்று விடுபட்டுவிட்டது. மறுபடி எழுதினால் ஒரு வருடம் வீண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெறுபேறு வந்த பிறகும் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கப் பல மாதங்கள் ஆவது இங்கே வழக்கமாகிவிட்டது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் இறுதியில் தொடங்கியது, பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது, 2025ஆம் ஆண்டுப் பரீட்சை மறுபடி நவம்பரில். அதாவது கையில் கிடைப்பது ஏழு மாதத்துக்கும் குறைவு. அந்த மாதங்களில் நீங்கள் எப்படியும் வீட்டில்தான் இருக்கப் போகிறீர்கள். அப்படிப் பார்த்தால் எழுதுவதில் பெரிய நட்டமில்லை.

நட்டம் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. கலைப்பீடத்துக்கு அனுமதி வந்து நீங்கள் பதிவு செய்துவிட்டால், பிறகு வரும் பெறுபேற்றை வைத்து வேறு கற்கைநெறிக்கு விண்ணப்பிப்பது சிக்கலாகிவிடும். பதிவு செய்ய வேண்டிய நாள், இரண்டாவது பெறுபேறு வருவதற்கு முன்பே வந்துவிடலாம். அப்போது இருட்டில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் பதிவு பற்றிய பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். சட்டம் படிக்க ஆசைப்படுபவர் முதலில் வாசிக்க வேண்டிய சட்டம் அதுதான்.

இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். கடந்தகால வினாத்தாள் நான்கை எடுங்கள். மணிக்கூட்டை முன்னால் வைத்து, உரிய நேரத்தில் எழுதுங்கள். அளவையியல் மட்டுமல்ல, அரசியல் விஞ்ஞானமும். இரண்டு வாரத்தில் வந்து சொல்லுங்கள்.

#14 நிலாவெளி அலை

பதினேழு நாள் எடுத்துவிட்டது சேர், மன்னிக்கவும்.

அளவையியல் முதல் தாள் அதே கதை. இரண்டாவதில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்ப்பதை நிறுத்தினேன். கை நடுங்கியது, ஆனால் முடித்தேன். நான்காவது தாளில் எட்டு நிமிடம் மிச்சம். பக்கத்து ஊர்ப் பாடசாலை ஆசிரியை ஒருவர் திருத்தித் தந்தார், நிச்சயம் ஏயைத் தொடலாம் என்றார்.

அரசியல் விஞ்ஞானம்தான் அதிர்ச்சி. பரீட்சை முடிந்த பிறகு அதைத் தொடவே இல்லை. இலங்கையின் அரசியல் யாப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 1972ஐயும் 1978ஐயும் மாற்றி எழுதியிருக்கிறேன். ஏ எடுத்த பிள்ளை எழுதிய தாளா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்று தடவை அண்ணா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

#15 மூன்று தடவை எழுதியவன்

பரீட்சைக்குப் பல மாதம் முன்னமே உறைத்துவிட்டதே, எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது. 1972, 1978ஐச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

#16 நிலாவெளி அலை

மறுபடி எழுத விண்ணப்பித்துவிட்டேன். அம்மாவுக்குச் செலவை எழுதிக் காட்டினேன். அளவையியலுக்கு மட்டும் வகுப்பு, மற்ற இரண்டும் வீட்டில். ஒரு வரியை வெட்டிவிட்டு, "வகுப்புக்குப் பஸ்ஸில் போக வேண்டாம், மாமா கொண்டுபோய் விடுவார்" என்று எழுதித் தந்தார்.

#17 நிலாவெளி அலை

நீண்ட நாளாகிவிட்டது. யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா தெரியவில்லை. முதல் தடவைப் பெறுபேற்றுக்கான வெட்டுப்புள்ளி வந்தது. சட்டத்துக்கு 0.11 குறைவு. கலைப்பீடம் கிடைத்தது. சேர் சொன்னதுபோலவே பதிவு செய்யும் நாள் முன்னால் வந்தது. நான் பதிவு செய்யவில்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

#18 புதுக்கடைக் காகம்

பார்க்கிறோம். நான் செய்திருந்தால் பதிவு செய்திருப்பேன், அதை மறைக்கப் போவதில்லை. எழுதி முடித்துவிட்டு வாருங்கள்.

#19 நிலாவெளி அலை

நேற்று முடிந்தது. அளவையியலில் கடைசி வினாவுக்கும் விடை எழுதிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரசியல் விஞ்ஞானத்தில் 1972 வந்தது, சுவரைக் கண்ணால் பார்த்தபடி எழுதினேன். தமிழில் தடுமாறிவிட்டேன். வழக்கமாக ஓடுகிற கை, கட்டுரையில் நின்றுவிட்டது. ஏ வருமா என்று சொல்ல முடியவில்லை. மூன்றில் அதைப் பற்றி மட்டும்தான் நான் கவலைப்படாமல் இருந்தேன்.

#20 மூன்று தடவை எழுதியவன்

எப்போதும் நாம் பார்க்காத பக்கத்திலிருந்துதான் வரும். தூங்குங்கள்.

#21 புதுக்கடைக் காகம்

பெறுபேறு வரும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு அடுத்த அறிவித்தல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். முதல் உயர்தரப் பெறுபேறே அதற்குப் போதும். பொது அறிவுக்கு இன்றிலிருந்து தினமும் பத்திரிகை. மூன்று மொழியில் கிடைத்தால் மூன்றும்.

#22 நிலாவெளி அலை

இரண்டு மொழி வாங்குகிறோம் அண்ணா. ஆங்கிலப் பத்திரிகையை அம்மா மாமாவிடம் சொல்லி நேற்றிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. அம்மம்மா காணி வழக்குச் செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்று அதிலும் தேடச் சொல்கிறார்.